கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும்!

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு.

ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. மறுபக்கம் தோப்புகள். மழை பெய்தால் ஓடைகளில் தண்ணீர் சலசலக்கும். காட்டுக்கு உள்ளே காட்டழகர் கோவில். மலையை நம்பி வாழும் பளியர்கள். மரம் விட்டு மரம் தாவும் நரை அணில்கள். ராஜபாளையத்து மக்களுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களுக்கும் நன்கு தெரிந்த இடம் இது.

இந்த வட்டாரத்துக்கு ஒரு பெருமை உண்டு. தன் சமயத்தைச் சொல்லால் நிலைநாட்டிய ஒருவரின் கதை, இந்த மண்ணில் இன்றும் வழங்குகிறது.

அவர் பெரியாழ்வார். விஷ்ணுசித்தர் என்றும் பெயர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பூந்தோட்டம் போட்டு, பெருமாளுக்கு மாலை கட்டிக் கொடுத்தவர். ஆண்டாளை வளர்த்த தந்தை.

மதுரையில் பாண்டிய மன்னனுக்கு ஒரு சந்தேகம் வந்ததாம். "மனிதனுக்கு வீடுபேறு தரும் தெய்வம் எது?" என்று கேட்டான். தக்க சான்றுடன் பதில் சொல்பவருக்குப் பொற்கிழி பரிசு என்று பறை அறைந்தான்.

விஷ்ணுசித்தருக்குத் தயக்கம். மண்வெட்டி பிடித்துத் தழும்பேறிய கை. பண்டிதர்களின் நடுவே நின்று பேச முடியுமா?

பெருமாள் அருளால் துணிந்து போனார். வேதங்களில் இருந்து சான்றுகளை அடுக்கினார். பொற்கிழி தானாகத் தாழ்ந்து அவர் கைக்கு வந்தது. வைணவப் பெரியோர் இப்படிச் சொல்கிறார்கள்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தோட்டக்காரர் கையில் கத்தி இல்லை. அவர் பின்னால் படை இல்லை. அருள் வந்தது; அந்த அருளும் வேத வாக்காகவே வந்தது!

இந்த ஊர்க் கதையில் எல்லா மதத்தாருக்கும் பாடம் இருக்கிறது. குறிப்பாக, கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இருக்கிறது.

அலமாரியில் ஒரு புத்தகம்

கிறிஸ்தவர் வீட்டில் பைபிள் இல்லாமல் இருக்காது. கல்யாணத்துக்கு ஒரு பைபிள் பரிசாக வரும். பிள்ளைக்கு ஞாயிறு பள்ளியில் ஒன்று கிடைக்கும். தாத்தா வைத்திருந்த கறுப்பு அட்டைப் புத்தகம் ஒன்று இருக்கும்.

அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பிள்ளைகள் பிறந்த தேதி எழுதியிருக்கும். நடுவில் ஒரு பழைய படம் இருக்கும். சில வீடுகளில் ரூபாய் நோட்டும் இருக்கும்.

ஆனால், படித்த அடையாளம் இருக்கிறதா? பல வீடுகளில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கையில் எடுக்கிறார்கள். கோவிலுக்குக் கொண்டு போகிறார்கள். கொண்டு வந்து மீண்டும் அலமாரியில் வைக்கிறார்கள். அடுத்த ஞாயிறு வரை அது அங்கேயே இருக்கிறது.

இந்த நிலையில், ஒரு நாள் ஒரு கேள்வி வருகிறது.

கல்லூரிக்குப் போகும் மகன் கேட்கிறான். "அப்பா, இயேசுவின் வம்ச வரலாறு மத்தேயு எழுதியதில் ஒரு விதமாக இருக்கிறது. லூக்கா எழுதியதில் வேறு விதமாக இருக்கிறது. ஏன்?"

பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். "அன்பே கடவுள் என்று சொல்கிறீர்களே, பழைய ஏற்பாட்டில் இத்தனை போர் எதற்கு?"

இவை கெட்ட கேள்விகள் அல்ல. கேட்டவரும் கெட்டவர் அல்ல. ஆனால் பதில் என்ன?

"அதெல்லாம் பாதிரியாரைப் போய்க் கேள்!" என்று ஒருவர் சொல்கிறார். "கேள்வி கேட்பது பாவம்!" என்று இன்னொருவர் அதட்டுகிறார். மூன்றாமவருக்குக் கோபமே வந்து விடுகிறது.

ஏன் கோபம்? பதில் தெரியவில்லை, அதனால் கோபம். பதில் தெரிந்தவருக்குக் கோபம் வருவதில்லை. அவர் உட்கார்ந்து பேசுவார்.

மகன் அதன் பிறகு கேட்பதில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று தந்தை நினைக்கிறார். தீரவில்லை! பிள்ளை கேள்வியை வேறு இடத்துக்குக் கொண்டு போய்விட்டான். அவ்வளவுதான்.

வாள் அல்ல, வார்த்தை

நம்பிக்கையைக் காப்பது என்றால் சண்டை போடுவது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு.

இயேசுவின் சீடர்களில் பேதுரு அவசரக்காரர். இயேசுவைப் பிடிக்க ஆட்கள் வந்த இரவில், அவர் வாளை உருவினார். தலைமைக் குருவின் வேலைக்காரனான மல்குஸ் என்பவனின் காதை வெட்டினார்.

இயேசு பாராட்டினாரா? இல்லை. வாளை உறையில் போடச் சொன்னார். வெட்டுண்ட காதைத் தொட்டுக் குணமாக்கினார்.

அதே பேதுரு, பிற்காலத்தில் சபைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்களின் நம்பிக்கைக்குக் காரணம் என்ன என்று யார் கேட்டாலும், பதில் சொல்ல எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்று அதில் கூறினார். அந்தப் பதிலைச் சாந்தத்தோடும் மரியாதையோடும் சொல்ல வேண்டும் என்றும் சேர்த்துக் கொண்டார். அவருடைய முதல் நிருபம், 3-ம் அதிகாரத்தில் இதைக் காணலாம்.

வாளை எடுத்த கை, எழுதுகோலை எடுத்தது. இதுதான் பேதுரு கற்ற பாடம்.

"தயாராக இருங்கள்" என்றால் என்ன பொருள்? கேள்வி வந்த பிறகு புத்தகத்தைத் தேடினால் போதாது. பரீட்சை நாளன்று பாடம் படிப்பவன் தேற மாட்டான்.

சாத்தானும் வசனம் சொன்னான்

வெளியில் இருந்து வரும் கேள்வியை விட, உள்ளே இருந்து வரும் ஆபத்து பெரிது.

இயேசு நாற்பது நாள் வனாந்தரத்தில் உபவாசம் இருந்தார். அப்போது சோதிப்பவன் வந்தான். கோவில் உச்சியில் அவரை நிறுத்திக் கீழே குதிக்கச் சொன்னான். தூதர்கள் தாங்கிக் கொள்வார்கள் என்று வேதத்தில் எழுதியிருக்கிறதே என்றான்.

அவன் சொன்னது பொய் வசனமா? இல்லை! 91-ம் சங்கீதத்தில் உள்ளதையே சொன்னான். ஆனால் சொன்ன நோக்கம் பொய். இயேசு அதற்கு மோசேயின் ஐந்தாம் புத்தகமான உபாகமத்தில் இருந்து பதில் கொடுத்தார்.

வசனத்துக்கு வசனமே பதில். ஒரு வசனத்தை மட்டும் தெரிந்தவர் அங்கே ஏமாந்து போயிருப்பார். முழு வேதமும் தெரிந்தவர் வென்றார்.

செண்பகத்தோப்புக் காட்டில் உள்ள நரை அணிலைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். அந்த அணிலைக் காப்பதற்காகவே அந்த மலைக்காடு 1988-ம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-ம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது.

அந்த அணில் தரையில் இறங்குவது அபூர்வம். கிளையோடு கிளை தொட்டு நிற்கும் மரங்களில்தான் அது கூடு கட்டும். ஆபத்து வந்தால் அடுத்த மரத்துக்குத் தாவிவிடும். சுற்றியுள்ள மரங்களை எல்லாம் வெட்டிவிட்டு, ஒரே ஒரு மரத்தை மட்டும் விட்டு வைத்தால் என்ன ஆகும்? மரம் இருக்கும், அணிலுக்கு வழி இருக்காது.

வசனமும் அப்படித்தான். முன் வசனமும் பின் வசனமும் தொட்டு நின்றால்தான் பொருள் தாவி வரும். தனியாக வெட்டி எடுத்தால், அது மொட்டை வசனம். மொட்டைக் கடிதத்தைப் போல, அதை வைத்து யாரையும் மிரட்டலாம். யாரையும் ஏமாற்றலாம்.

எல்லாவற்றையும் செய்யத் தனக்குப் பெலன் உண்டு என்று பவுல் எழுதிய வசனம் ஒன்று உண்டு. அது பல வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளும், கடை திறக்கும் வியாபாரிகளும் அதைச் சொல்லிக் கொள்கிறார்கள்.

அதற்கு முந்தைய இரண்டு வசனங்களைப் படித்தவர் எத்தனை பேர்? பவுல் அதை எழுதியது காவலில் இருந்த போது. பட்டினி கிடக்கவும் தெரியும், வயிறார உண்ணவும் தெரியும், எந்த நிலையிலும் மன நிறைவோடு இருக்கக் கற்றேன் என்கிறார். அதற்குத்தான் பெலன் கேட்டார். வெற்றிக்கு அல்ல; தோல்வியிலும் தளராமல் இருப்பதற்கு!

இது தெரியாத பிள்ளை, பரீட்சையில் தவறியதும் என்ன நினைக்கும்? "வசனம் பொய்த்தது" என்று நினைக்கும். பொய்த்தது வசனம் அல்ல. படிக்காமல் ஒட்டிய பொருள்தான் பொய்த்தது.

உயிருக்கும் பணத்துக்கும் ஆபத்து

இது வெறும் தத்துவச் சங்கதி அல்ல. குடும்பத்தின் நன்மை தீமை இதில் இருக்கிறது.

"ஜெபம் போதும், மருந்தை நிறுத்து" என்று சொல்லும் போதகர் வரக்கூடும். சர்க்கரை நோயாளியான ஒரு தாய் அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்?

வேதம் படித்த பிள்ளை அந்த வீட்டில் இருந்தால் தாயைக் காப்பாற்றிவிடும். "அம்மா, பவுலின் நண்பர் லூக்கா ஒரு வைத்தியர். பவுல் அவரை அன்பான வைத்தியர் என்றுதான் அழைக்கிறார். தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறு வந்த போது, கொஞ்சம் திராட்சை ரசம் சேர்த்துக் கொள்ளும்படி பவுலே எழுதியிருக்கிறார். மருந்தை நிறுத்து என்று எழுதவில்லை" என்று சொல்லும்.

"இந்த ஆண்டு, இந்தத் தேதியில் உலகம் முடியப் போகிறது. இருப்பதை விற்றுக் கொடுத்துவிடு" என்று சொல்லும் ஆளும் வரலாம். அந்த நாளும் நேரமும் யாருக்கும் தெரியாது என்று இயேசுவே சொன்னதை, மத்தேயு 24-ம் அதிகாரத்தில் படித்தவர் அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பி விடுவார்.

"இவ்வளவு பணம் கொடு, இவ்வளவு ஆசீர்வாதம் கிடைக்கும்" என்று பேரம் பேசுபவரும் உண்டு. கடவுளின் வரத்தைப் பணத்துக்கு வாங்க நினைத்த சீமோன் என்பவனைப் பேதுரு எப்படிக் கண்டித்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. எட்டாம் அதிகாரம்.

படித்த குடும்பத்தில் இந்த வலை விழாது. படிக்காத குடும்பத்தில் முதலில் நகை போகும். பிறகு நிம்மதி போகும். கடைசியில் நம்பிக்கையே போய்விடும்.

இப்போது கைபேசியில் காலையில் ஒரு வசனம், மாலையில் ஒரு வசனம் வருகிறது. நல்லதுதான். ஆனால், துண்டு வசனம் தின்பண்டம் போன்றது. அது சோறு ஆகாது.

மணலில் எழுதிய வெள்ளைக்காரர்

தமிழன் கைக்கு இந்தப் புத்தகம் சும்மா வந்துவிடவில்லை.

1706-ம் ஆண்டு ஜூலை மாதம். தரங்கம்பாடியில் ஒரு ஜெர்மானிய இளைஞர் வந்து இறங்கினார். அவர் பெயர் சீகன்பால்கு. வயது ஏறக்குறைய 24. தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது.

திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்தார். மணலில் விரலால் "அ, ஆ" எழுதிப் பழகினார். ஏட்டுச் சுவடிகளைச் சேர்த்தார். தமிழர்களின் சமய நூல்களை இரவு பகலாகப் படித்தார்.

புதிய ஏற்பாட்டைத் தமிழில் எழுதினார். அச்சிட வேண்டுமே! ஜெர்மனியில் இருந்து வந்த தமிழ் எழுத்துக்கள் மிகப் பெரியவை. காகிதம் போதவில்லை. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார்கள். பக்கத்தில் உள்ள பொறையாற்றில் காகித ஆலையே வைத்தார்கள். 1715-ம் ஆண்டில் புதிய ஏற்பாடு முழுதும் அச்சாகி வந்தது. நான்கு ஆண்டுகளில் சீகன்பால்கு காலமானார்.

இன்னொரு செய்தியும் உண்டு. அவரும் அவருடைய தோழர்களும் தமிழ்ப் பெரியவர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். பதில்கள் வந்தன. அவை முகஸ்துதி அல்ல. கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக் கொள்ளும் ஐரோப்பியர்களின் நடத்தை சரியில்லையே என்று நேரடியாகவே கேட்டிருந்தார்கள். அந்தப் பதில்களை மறைக்காமல் மொழிபெயர்த்து, ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிட வைத்தார்கள்.

கேள்விக்குப் பயப்படாத நம்பிக்கை என்றால் அது இதுதான்.

யாழ்ப்பாணம் தந்த பாடம்

இப்போது இன்னொருவரைப் பார்க்க வேண்டும். அவர் கிறிஸ்தவர் அல்ல. ஆனால், கிறிஸ்தவர்கள் மறக்கக் கூடாதவர்.

1822-ம் ஆண்டு யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் படித்தார். அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். பெர்சிவல் பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்த போது, உடன் இருந்து உதவியவர் இவர்தான். அந்த மொழிபெயர்ப்பு 1850-ம் ஆண்டில் வெளிவந்தது.

வேலை செய்தார், ஆனால் மதம் மாறவில்லை. கடைசி வரை சைவராகவே வாழ்ந்தார்.

அந்தக் காலத்தில் பாதிரிமார்கள் சைவத்தைக் கண்டித்துத் துண்டுப் பிரசுரங்கள் வெளியிட்டார்கள். திருநீறு எதற்கு, அபிஷேகம் எதற்கு, தூபம் தீபம் எதற்கு என்று கேட்டார்கள்.

நாவலர் கோபத்தில் கல் எடுக்கவில்லை. புத்தகம் எழுதினார். 1854-ம் ஆண்டில் "சைவ தூஷண பரிகாரம்" வெளிவந்தது. அதில் அவர் எடுத்த ஆயுதம் எது? பைபிள்! பழைய ஏற்பாட்டில் பலிபீடம் இல்லையா, தூபம் இல்லையா, எண்ணெய் அபிஷேகம் இல்லையா, பண்டிகை இல்லையா என்று கேட்டார். அதிகாரம், வசனத்தோடு கேட்டார்.

சைவம் தாழ்ந்தது என்று பேசியவர்கள் திகைத்தார்கள். ஏன்? அவர்கள் மேடையில் பேசிய வேதத்தை, நாவலர் வரி வரியாகப் படித்திருந்தார்.

நாவலரின் முடிவுகளைக் கிறிஸ்தவர் ஏற்க வேண்டியதில்லை. பலி, தூபம், ஆசாரியன் ஆகியவற்றைப் பற்றி எபிரெயருக்கு எழுதிய நிருபத்தில் நீண்ட விளக்கம் இருக்கிறது. அதைப் படித்தவருக்கு நாவலரோடு உட்கார்ந்து பேசச் சரக்கு உண்டு. படிக்காதவருக்கு என்ன உண்டு? வாயை மூடிக் கொள்வது அல்லது வசை பாடுவது. இரண்டும் தோல்விதான்.

நாவலர் சைவர்களுக்குச் சொன்னதும் இதே பாடம்தான். "உங்கள் நூலை நீங்களே படியுங்கள்" என்றார். அதற்காகப் பள்ளிக்கூடம் வைத்தார். அச்சுக்கூடம் வைத்தார். தம் சமயத்தை நேசித்தவர் செய்த காரியம் அது.

சொந்த வட்டாரத்துக் கதை

சிவகாசிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இதில் பங்கு உண்டு.

அப்போது இந்தப் பகுதி திருநெல்வேலி ஜில்லாவின் வட பாகம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் சிறந்து விளங்கிய ராக்லண்ட் பாதிரியார், 1854-ம் ஆண்டில் இங்கே வந்தார். மாளிகை கட்டவில்லை. கூடாரம் போட்டுத் தங்கி ஊர் ஊராகப் போனார். தென் திருநெல்வேலிச் சபைகள் தமிழ் உபதேசியார்களை மாற்றி மாற்றி அனுப்பி உதவின. 1858-ம் ஆண்டில் சிவகாசியில் ராக்லண்ட் இறந்தார்.

அவர்கள் போன ஊர்களில் கேள்விகள் எழாமல் இருக்குமா? பெருமாளையும் முருகனையும் வழிவழியாக வணங்கிய மக்கள். புராணம் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல, உபதேசியார் பையில் இருந்தது ஒரு புத்தகம்தான்.

ராக்லண்ட் இறந்த அதே 1858-ம் ஆண்டில், திருநெல்வேலிச் சீமைக்காரர் ஒருவர் கிறிஸ்தவர் ஆனார். அவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணத்தில் ஊறியவர்.

அவர் பழைய படிப்பைத் தூக்கி எறியவில்லை. அந்தத் தமிழைக் கொண்டே "இரட்சணிய யாத்திரிகம்" என்ற காவியத்தைப் பாடினார். 1894-ம் ஆண்டில் அது வெளிவந்தது. தம் நம்பிக்கையின் காரணங்களை விளக்கி "இரட்சணிய சமய நிர்ணயம்" என்ற உரைநடை நூலும் எழுதினார்.

ஏன் மாறினாய் என்று உறவினர் கேட்பார்களே! அதற்குக் கோபப்படாமல், நூல் எழுதிப் பதில் சொன்னார். உறவினர் ஒப்புக் கொண்டாலும் கொள்ளாவிட்டாலும், "இவன் தெரிந்துதான் செய்தான்" என்று மதிப்பார்கள்.

படித்தால் மட்டும் போதுமா?

போதாது. இதையும் சொல்ல வேண்டும்.

வீரமாமுனிவர் காலத்தில், கத்தோலிக்கர்களும் லுத்தரன் சபையாரும் தமிழில் நூல் எழுதி மோதிக் கொண்டார்கள். "தேம்பாவணி" பாடிய அதே பெரும் புலவர், தரங்கம்பாடியாரை மறுத்து "வேத விளக்கம்" எழுதினார். இரு பக்கமும் படிப்பு இருந்தது. இரு பக்கமும் சூடும் இருந்தது.

பார்த்துக் கொண்டிருந்த மக்கள் என்ன நினைத்திருப்பார்கள்? "ஒரே இயேசுவை வணங்குகிறவர்கள் இப்படி அடித்துக் கொள்கிறார்களே!" என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அறிவு வாளைப் போல. பிடி இல்லாத வாள் பிடித்தவன் கையையே அறுக்கும். அறிவுக்குப் பிடி அன்பு. பேதுரு "சாந்தத்தோடு" என்று சேர்த்தது சும்மா அல்ல.

அடுத்தவரின் தெய்வத்தைப் பழிப்பது வேத அறிவு அல்ல. பவுல் ஆதென்ஸ் நகரத்துக்குப் போன போது, அந்த ஊர்ப் பலிபீடத்தைச் சுட்டிக் காட்டிப் பேச்சைத் தொடங்கினார். அந்த ஊர்ப் புலவர்களின் வாக்கையே எடுத்துச் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழும் கிறிஸ்தவருக்கு ஆண்டாள் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் எதை நேசிக்கிறார் என்று தெரியாதவர், அவரோடு எதைப் பேச முடியும்?

நான்கு சாக்குகள்

"எனக்குப் படிப்புக் குறைவு" என்பது முதல் சாக்கு. இயேசுவின் சீடர்களில் மீன் பிடித்தவர்கள் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் ஏற்ற புத்தகம் உண்டு. நான்கு சுவிசேஷங்களில் மிகச் சிறியது மாற்கு. 16 அதிகாரங்கள்தான். ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம் என்றால் 16 நாளில் முடிந்துவிடும். கண் தெரியாத பாட்டிக்குப் பேரன் படித்துக் காட்டலாம். பாட்டிக்கு வேதம் கிடைக்கும். பேரனுக்குத் தமிழ் கிடைக்கும்.

"நேரம் இல்லை" என்பது இரண்டாவது சாக்கு. ராஜபாளையத்தில் மில் ஷிப்ட் முடித்து வருபவருக்கு உடம்பு வலிக்கும். உண்மைதான். ஆனால் புதிய ஏற்பாட்டில் இருப்பது 260 அதிகாரம். வாரம் ஐந்து படித்தால் 52 வாரத்தில், அதாவது சரியாக ஓர் ஆண்டில், முழுதும் முடிந்துவிடும். சனியும் ஞாயிறும் விடுமுறை! ஓர் அதிகாரம் படிக்க, ஒரு டீ ஆறும் நேரம் போதும்.

"பாதிரியார் இருக்கிறாரே, நமக்கு எதற்கு?" என்பது மூன்றாவது சாக்கு. பெரோயா என்ற ஊரில் பவுல் பிரசங்கம் செய்தார். அந்த ஊரார் பவுல் சொன்னதையே அப்படியே விழுங்கவில்லை. அவர் சொல்வது சரிதானா என்று தினந்தோறும் வேதத்தை ஆராய்ந்தார்கள். அவர்களை வேதம் திட்டவில்லை; பாராட்டுகிறது. பவுலின் பேச்சையே சரி பார்க்கலாம் என்றால், இன்றைய பிரசங்கத்தைச் சரி பார்க்கக் கூடாதா?

கத்தோலிக்கத் திருச்சபையும் இதையே சொல்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1965-ம் ஆண்டில் வெளியிட்ட ஏட்டில், எல்லா விசுவாசிகளும் வேதத்தை அடிக்கடி படிக்க வேண்டும் என்று கேட்டுக் கொண்டது. இன்றைய எளிய தமிழில் "திருவிவிலியம்" பொது மொழிபெயர்ப்பு 1995-ம் ஆண்டில் வந்தது. பழைய தமிழ் கடினம் என்று சொல்லவும் இனி வழி இல்லை.

"விசுவாசம் போதும், ஆராய்ச்சி வேண்டாம்" என்பது நான்காவது சாக்கு. இது பக்தி போலத் தெரியும். ஆனால், பன்னிரண்டு வயதில் இயேசுவே எருசலேம் கோவிலில் போதகர்களின் நடுவே உட்கார்ந்து கேட்டார், கேள்வியும் கேட்டார். தலைவர் செய்ததைத் தொண்டர் செய்தால் பாவமா?

வீட்டிலே தொடங்க வேண்டும்

இந்தப் படிப்புக்குப் பெரிய மண்டபம் வேண்டாம். வீடு போதும்.

அப்பொல்லோ என்பவர் பெரிய பேச்சாளர். வேதத்தில் வல்லவர். ஆனாலும் அவருக்கு ஒரு விஷயம் சரியாகத் தெரியவில்லை. அதை விளக்கியவர்கள் யார்? ஆக்கில்லா என்பவரும் அவர் மனைவி பிரிஸ்கில்லாவும். கூடாரம் தைத்துப் பிழைத்த தம்பதி! சபை நடுவே அவரை அவமானப்படுத்தவில்லை. தனியாக அழைத்து, பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

தீமோத்தேயு சிறு வயது முதல் வேதம் அறிந்தவர். அவருடைய பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் ஆகியோரின் நம்பிக்கையைப் பவுல் பெயர் சொல்லிப் புகழ்கிறார். பாட்டியும் தாயும்தான் முதல் பள்ளிக்கூடம்.

இரவு சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நேரம் போதும். ஒருவர் படிக்கலாம். மற்றவர் கேட்கலாம். ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று கேள்விகள் போதும். யார் சொன்னது? யாரிடம் சொன்னது? எந்தச் சமயத்தில் சொன்னது? இந்த மூன்றும் தெரிந்தால், மொட்டை வசனம் அந்த வீட்டில் விலை போகாது.

பிள்ளை கேள்வி கேட்டால் அதட்ட வேண்டாம். பதில் தெரியாவிட்டால் "தெரியாது, படித்துச் சொல்கிறேன்" என்று தந்தை சொல்லலாம். அதில் வெட்கம் இல்லை. சொன்னபடி படித்து மறுநாள் சொன்னால், பிள்ளைக்குத் தந்தை மேல் மதிப்புக் கூடும். வேதத்தின் மேலும் மதிப்புக் கூடும்.

தாயும் தந்தையும் விட்டுச் செல்லும் நிலத்துக்குப் பட்டா வேண்டும். பட்டாவைப் படிக்கத் தெரியாத பிள்ளையிடம் இருந்து, நிலத்தை யாரும் பறித்துவிடலாம். நம்பிக்கையும் ஒரு சொத்துத்தான். அதன் பட்டா அலமாரியில் இருக்கிறது.

பத்திரமாக இருந்தால் போதாது. அதைப் படிக்கத் தெரிந்த கையில் இருக்க வேண்டும்!